புகை என்பது எரியாத விறகு



பொங்கலன்று உங்கள் வீட்டு வாசலில் விறகடுப்பு மூட்டினீர்களா? ஆண்டு முழுவதும் கேஸ் அடுப்பில் சமைக்கும் நாம், அந்த ஒரு நாளில்தான் மூன்று செங்கல்லையும் விறகையும் தேடி ஓடுகிறோம். பானை பொங்குவதற்குள் அம்மாவும் பாட்டியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதி ஊதிக் களைத்துப் போகிறார்கள். "விறகு ஈரமாக இருக்கிறது" என்பார் ஒருவர். "இவ்வளவு விறகைத் திணித்தால் எப்படி எரியும்?" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரிதான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் என் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், குளிர் நாடுகளில் வீட்டுக்குள்ளேயே விறகடுப்பு வைத்திருக்கிறார்களாம். ஒரு தடவை விறகு போட்டால் இரவு முழுவதும் எரியுமாம். காற்று போகும் வழியை அடைத்துவிட்டால் நம் அடுப்பும் அப்படி நீண்ட நேரம் எரியுமா?"

நீண்ட நேரம் எரியும். ஆனால், அது எரிவதே அல்ல, புகைவது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் நல்ல அடுப்பு எது, கெட்ட அடுப்பு எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

எரிவது கட்டையா, வாயுவா?

விறகில் தீ பிடித்திருக்கும்போது சுவாலையை உற்றுப் பாருங்கள். சுவாலை கட்டையின் மீது ஒட்டிக்கொண்டு இருக்காது. சற்று மேலே நின்று ஆடும். காரணம் இதுதான்: விறகு சூடாகும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. ஏறக்குறைய 200 முதல் 300 பாகை செல்சியசைத் தாண்டியதும் மரம் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களாகவும் தார் ஆவியாகவும் வெளியேறுகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இப்படித்தான் வெளியேறுகிறது. மீதி கரியாக நிற்கிறது.

வெளியேறிய வாயு போதுமான வெப்பத்தில் உயிர்வளியுடன் கலந்தால் சுவாலையாக எரிந்து, பெரும்பாலும் கரிவளியாகவும் நீராவியாகவும் மாறும். வெப்பமோ உயிர்வளியோ போதவில்லை என்றால் அது எரியாமலேயே மேலே போய்விடும். அதைத்தான் நாம் புகை என்கிறோம். ஆக, புகை என்பது விறகின் கழிவு அல்ல. நாம் எரிக்கத் தவறிய விறகு.

இதை ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே சோதிக்கலாம். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மெழுகுவர்த்தியைச் சற்று நேரம் எரியவிட்டு அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் தீக்குச்சியை அந்தப் புகைக்குள் காட்டுங்கள். திரியைத் தொட வேண்டாம். சுவாலை புகையின் வழியாகவே கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்த வெண்புகை மெழுகின் ஆவிதான். விறகின் புகையும் இப்படிப்பட்ட எரிபொருள்தான்.

சாத்தே கடையையும் கவனியுங்கள். நம் மூவாரில் காலைப் பசியாறலுக்கே சாத்தே உண்டு. அந்தக் கரி அடுப்பு பச்சை விறகைப் போல் புகைவதில்லை. ஏனெனில், மரம் கரியாக்கப்பட்டபோதே வாயுக்களில் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. அங்கே எழும் புகையில் பெரும்பங்கு, நெருப்பின் மேல் சொட்டும் கொழுப்பிலிருந்து வருவது.

மூவார் மறக்காத புகை

2013ஆம் ஆண்டு ஜூன் 23. உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். சிலர் கைக்குழந்தைகளாக இருந்திருப்பீர்கள். அன்று காலை மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 ஆகப் பதிவானது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது கணக்கு. மூவார், லேடாங் ஆகிய இரு மாவட்டங்களிலும் அரசாங்கம் அவசரநிலையை அறிவித்தது. பள்ளிகள் மூடப்பட்டன.

மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவில் எரிந்த நிலங்களிலிருந்து வந்த புகைமூட்டம் அது. அங்கே எரிந்தவற்றில் முக்கியமானது மலாயில் 'தானா காம்புட்' எனப்படும் நிலம். மட்கிய தாவரங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவான சதுப்பு மண் அது. தீ மண்ணுக்கு அடியில் போய்விட்டால் அங்கே காற்று குறைவு, ஈரம் அதிகம், வெப்பம் குறைவு. அதனால் சுவாலை இல்லாமல் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். எவ்வளவு நீண்ட நேரம் எரிகிறது பாருங்கள்! ஆனால் எவ்வளவு புகை!

காற்று வழியை அடைத்த விறகடுப்பிலும் சிறிய அளவில் நடப்பது இதுதான். நம் மாணவர் கேட்ட கேள்விக்கான பாதி விடை இங்கே இருக்கிறது.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது? 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்கள் இருக்கின்றன. நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவானவை. மூக்கு முடியும் சளியும் இவற்றைப் பிடித்து நிறுத்த முடியாது. நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அது உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நமக்குப் புகைமூட்டம் எப்போதோ வந்து போகும் துன்பம். ஆனால் உலகில் ஏறக்குறைய 200 கோடிப் பேர் நாள்தோறும் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றை வைத்துப் புகைக்கு நடுவில்தான் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் தோட்டத்து லயங்களில் அடுப்படியில் உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்த பாட்டிமார்களின் இருமலை நினைத்துப் பாருங்கள்.

ஈரத்தின் கணக்கு

புகை முழுமையாக எரிய மூன்று தேவை: போதிய வெப்பம், காற்றுடன் நன்றாகக் கலத்தல், வெப்பமான இடத்தில் சற்று நேரம் தங்குதல். வெப்பம் ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். இந்த வெப்பத்துக்கு முதல் எதிரி விறகின் ஈரம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ உலர்ந்த மரம் ஏறக்குறைய 18 மெகாஜூல் வெப்பம் தரும். ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 2.6 மெகாஜூல் செலவாகும்.

பச்சை விறகு: ஒரு கிலோவில் பாதி நீர் என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ மரம் தருவது 9 மெகாஜூல். அரைக் கிலோ நீர் விழுங்குவது 1.3. மிஞ்சுவது 7.7.

காய்ந்த விறகு: ஒரு கிலோவில் நீர் 20 விழுக்காடுதான். 800 கிராம் மரம் தருவது 14.4 மெகாஜூல். நீர் விழுங்குவது 0.5. மிஞ்சுவது 13.9.

தூக்கும்போது இரண்டும் ஒரே கிலோ. ஆனால் கிடைக்கும் வெப்பம் கிட்டத்தட்ட இரு மடங்கு வேறுபடுகிறது. அதைவிடப் பெரிய கேடு, ஆவியாகும் நீர் தீயைக் குளிரவைப்பது. வாயுக்கள் எரியும் வெப்பத்தை எட்ட முடியாமல் புகையாகப் போய்விடுகின்றன. அதனால்தான் "விறகு ஈரம்" என்று பாட்டி சொன்னதை முதலில் கேட்க வேண்டும். மழை படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், பிளந்த விறகை மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால்தான் அது காயும்.

புகையாமல் நீண்ட நேரம் எரிய என்ன வழி?

இப்போது மீதி விடைக்கு வருவோம். காற்றை அடைக்காமலேயே அடுப்பை நீண்ட நேரம் பயன்பட வைக்க வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, எரியும் பரப்பைக் கட்டுப்படுத்துவது. நம் முன்னோர்களின் மரத்தூள் அடுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்ற மூவாரில் மரத்தூளுக்கா பஞ்சம்? ஒரு தகர டின்னின் அடிப்பக்கவாட்டில் ஒரு துளை. நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, துளைக்குள் ஒரு கம்பை நுழைத்து, சுற்றிலும் உலர்ந்த மரத்தூளை இறுக்கமாக இடிப்பார்கள். பிறகு போத்தலையும் கம்பையும் உருவிவிட்டால் நடுவில் ஒரு குழாய் உருவாகிவிடும். தீ அந்தக் குழாயின் உட்சுவரில் மட்டும் எரிந்து, மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகரும். காற்று கீழிருந்து தடையின்றி வரும். ஒருமுறை நிரப்பினால் சில மணி நேரம் எரியும். ஆனால் தூளில் ஈரம் இருந்தாலோ குழாய் இடிந்து விழுந்தாலோ சுவாலை அணைந்து கனல ஆரம்பித்துவிடும். ஆகவே, இது திறந்த வெளிக்கு மட்டுமே உரியது. தடித்த விறகு மெல்லிய சுள்ளியைவிட நீண்ட நேரம் எரிவதற்கும் பரப்பளவுதான் காரணம்.

இரண்டாவது வழி, தீயைச் சேமிக்காமல் வெப்பத்தைச் சேமிப்பது. பின்லாந்து, ரஷ்யா போன்ற நாடுகளில் வீட்டின் நடுவே கல்லாலும் செங்கல்லாலும் பெரிய அடுப்பு கட்டுவார்கள். காய்ந்த விறகை நிறையக் காற்றுடன் ஓரிரு மணி நேரம் கொழுந்துவிட்டு எரிப்பார்கள். சூடான புகைபோக்கி வாயு, வளைந்து வளைந்து செல்லும் பாதையில் கல்லைச் சூடாக்கிவிட்டு வெளியேறும். தீ அணைந்த பின்னும் கல் பல மணி நேரம் வீட்டைச் சூடாக வைத்திருக்கும். இரவு முழுவதும் தீ எரிய வேண்டிய தேவையே இல்லை!

மூன்றாவது வழி, வினையூக்கி. சில அடுப்புகளின் மேற்பகுதியில் பிளாட்டினம் அல்லது பல்லாடியம் பூசிய, தேன்கூடு போன்ற ஒரு பகுதி இருக்கும். இதன் வழியாகப் போகும் புகை ஏறக்குறைய 260 பாகையிலேயே எரிந்துவிடும். அதனால் தீயைச் சற்றுத் தணித்து வைத்தாலும் புகை குறைவு. நம் கார்களின் புகைக்குழாயிலும் இதே தத்துவம்தான்.

அமெரிக்காவில் புதிய விறகடுப்பு ஒன்று ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் புகைத்துகள் வெளியிடலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. வினையூக்கி இல்லாத அடுப்புக்கு 1990இல் 7.5 கிராம், 2015இல் 4.5, 2020இல் 2 கிராம். வடிவமைப்பு மேம்பட்டதால்தான் இது முடிந்தது.

நல்ல அடுப்பு வாங்கினால் போதுமா?

போதாது. ஒடிசாவில் ஏறக்குறைய 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. 2019இல் நோபெல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் அந்த ஆய்வாளர்களில் ஒருவர். அவர்கள் ஆராய்ந்தது புகைபோக்கியுடன் கூடிய மேம்பட்ட மண் அடுப்பு. முதலாம் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. பலர் அந்த அடுப்பை முறையாகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவுமில்லை.

இலங்கையில் 1986இல் அறிமுகமான 'அனகி' என்னும் களிமண் அடுப்பு வேறு பாடம் சொல்கிறது. ஒரே வாயில் வைக்கும் விறகு இரண்டு பானைகளைச் சூடாக்கும். விலை மலிவு, உள்ளூர்க் குயவர்களே செய்வார்கள், பழகிய சமையல் முறையையும் மாற்ற வேண்டியதில்லை. அதனால் பரவலாக விற்பனையானது. மக்கள் கையில் நிலைக்கும் அடுப்புதான் பயன் தரும்.

அடுத்த பொங்கலுக்கு நீங்கள் செய்ய வேண்டியவை

• விறகை இப்போதே வாங்கிப் பிளந்து, மழை படாமல் அடுக்குங்கள். காய்ந்த இரு கட்டைகளைத் தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும். ஈரக்கட்டை மந்தமாக ஒலிக்கும்.

• அடுப்பின் வாயை விறகால் அடைக்காதீர்கள். கட்டைகளுக்கு இடையில் காற்று புக வழி விடுங்கள். கொஞ்சமாக வைத்து, அடிக்கடி தள்ளுங்கள்.

• காற்று வீசும் பக்கம் மட்டும் செங்கல் அல்லது தகரத்தால் மறைப்பு வையுங்கள். வெப்பம் சிதறாது.

• தொழிற்சாலைக் கழிவுக் கட்டைகளை எடுக்காதீர்கள். சாயம் பூசியது, ஒட்டுப்பலகை, பூச்சி மருந்தில் ஊறவைத்த ரப்பர் மரம் ஆகியவை எரிந்தால் நச்சுப்புகை வரும். பிளாஸ்டிக்கைக் கொண்டு தீ மூட்டவும் கூடாது.

• விறகோ கரியோ, அடுப்பை ஒருபோதும் மூடிய அறைக்குள் கொண்டு போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்காமல் கொல்லும்.

அடுப்பு சரியாக எரிகிறதா என்று அறிய கருவி எதுவும் தேவையில்லை. தீ நன்றாகப் பற்றிய பிறகு பானைக்கு மேலே பாருங்கள். காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தால் விறகு முழுமையாக எரிகிறது. புகை தெரிந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பகுதி பானைக்குப் போகாமல் பாட்டியின் நுரையீரலுக்குப் போகிறது. உடனே ஒரு கட்டையை வெளியே இழுங்கள். காற்றுக்கு வழி விடுங்கள்.