ஜிலேபிக் குஞ்சு ஆணா, பெண்ணா? ஜீன் ஆராய்ச்சியில் கிடைத்த விடை

ஜிலேபி கெண்டை வளர்ப்போருக்குப் பெரிய தலைவலி, அது குளத்தில் கட்டுக்கடங்காமல் பெருகிவிடுவதுதான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் ஜிலேபி, உள்ளங்கை அளவு வளர்வதற்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இனவிருத்திப் பணியில் நைல் ஜிலேபியிலிருந்து உருவாக்கப்பட்ட கிஃப்ட் ரகம் நன்கு வளரக்கூடியது. ஆனால் ஆணும் பெண்ணும் கலந்து விட்டால் அதிலும் இதே கதைதான். பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். அந்நாட்களில் இரை எடுக்காததால் அதன் வளர்ச்சி தடைப்படும். போட்ட தீவனமெல்லாம் பொடிக் குஞ்சுகளுக்குப் போய்விட, அறுவடையின்போது விலைபோகும் அளவில் மீன் இராது.

இதனால்தான் ஆண் குஞ்சுகளை மட்டும் இருப்புச் செய்யச் சொல்கிறார்கள். பொரிப்பகங்களில், குஞ்சு இரை எடுக்கத் தொடங்கியதிலிருந்து மூன்று, நான்கு வாரங்களுக்கு ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுக்கப்படுகிறது. ஒரு கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் மருந்து கலப்பது வழக்கம். இது பண்ணைக் குட்டையில் விவசாயி செய்யக்கூடிய வேலையல்ல. அப்படிச் செய்தும் சில பெண் மீன்கள் தப்பிவிடுகின்றன.

ஹார்மோன் இல்லாமலே ஆண் குஞ்சு பெற வழியுண்டா? இதற்கு விடை ஜீன்களில் இருக்கிறது. ஜிலேபிக்கு 22 ஜோடி குரோமோசோம்கள். இரண்டு எக்ஸ் இருந்தால் பெண், எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் ஆண். நைல் ஜிலேபியின் பரம்பரை எழுத்துகள் சுமார் 100 கோடி. அவை 2014-ல் வெளியிடப்பட்டன. இவ்வளவையும் மனிதர் உட்கார்ந்து படிக்க முடியாது. மனிதன், கோழி, பிற மீன்கள் ஆகியவற்றில் ஏற்கெனவே தெரிந்த ஜீனை மாதிரியாக வைத்து, அதைப் போன்றவற்றை ஜிலேபியில் கம்ப்யூட்டர் தேடி எடுக்கிறது. ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவுகளைப் பதிவேட்டில் தேடி எடுப்பது போன்ற வேலை இது. மீன்களின் மூதாதையரில் ஒரு காலத்தில் ஜீன் தொகுதி முழுவதுமே இரட்டிப்பானதால் உட்பிரிவுகளும் அதிகம்.

இவ்வாறு ஆராயப்பட்ட குடும்பங்களுள் ஒன்று டி.ஜி.எஃப்.-பீட்டா. எலும்பு, தசை, சினைப்பை, விந்துப்பை ஆகியவற்றின் வளர்ச்சியில் இதற்குப் பங்குண்டு. தென் அமெரிக்க மீன் ஒன்றில் ஆண் தன்மையைத் தீர்மானிப்பது இக்குடும்பத்தின் ஏ.எம்.எச். ஜீன் என்று 2012-ல் தெரியவந்தது. ஆண் கருவில் கருப்பைக் குழாய் உருவாகாமல் தடுக்கும் ஜீன் இது. மீனுக்கு அந்தக் குழாயே கிடையாது, இருந்தும் ஜீன் சும்மா இருக்கவில்லை! 2015-ல் சீனாவின் சோங்சிங் நகர விஞ்ஞானிகள், நைல் ஜிலேபியின் ஒய் குரோமோசோமில் இதன் கூடுதல் பிரதி இருப்பதையும், அதில் முக்கியமான ஓர் எழுத்து மாறியிருப்பதையும் கண்டனர். அதைச் செயலிழக்கச் செய்தபோது ஆணாக வேண்டிய மீன் பெண்ணாயிற்று. பெண் மீனில் அதைச் சேர்த்தபோது ஆணாயிற்று.

இதனால் பண்ணைக்கு என்ன லாபம்? இரண்டு ஒய் கொண்ட தந்தை மீனைச் சாதாரணப் பெண் மீனுடன் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே பிறக்க வேண்டும். அத்தகைய தந்தையை உருவாக்க, ஆண் குஞ்சை ஹார்மோனால் பெண்ணாக்கி மற்றோர் ஆணுடன் இணைக்கிறார்கள். வாரிசுகளில் கால் பங்கு இரட்டை ஒய். பார்வைக்கு எல்லா ஆணும் ஒன்றுபோலவே இருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொன்றின் வாரிசையும் மாதக்கணக்கில் வளர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது துடுப்பில் சிறு துண்டு வெட்டிச் சோதித்தால் போதும். விற்பனைக்கு வரும் குஞ்சு ஹார்மோன் தின்றதும் அல்ல, ஜீன் மாற்றப்பட்டதும் அல்ல.

ஆனால் சில ரகங்களில் பாலினத்தைத் தீர்மானிக்கும் இடம் வேறு குரோமோசோமில் உள்ளது. ஆகவே ஒரே சோதனை எல்லா ரகத்துக்கும் பொருந்தாது. இளங்குஞ்சுப் பருவத்தில் தண்ணீர் 36 டிகிரி வரை சூடேறினால் பெண் குஞ்சுகள் சில ஆணாக மாறுவதும் உண்டு.

இந்தியாவில் ஜிலேபி வளர்க்க அரசு அனுமதி தேவை. அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்திலேயே குஞ்சு வாங்க வேண்டும், எம்முறையில் ஆண் குஞ்சு பெறப்பட்டது என்றும் கேட்டுக்கொள்ளலாம். மீன் 50 கிராம் எடை வந்ததும் சிலவற்றைப் பிடித்து அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு இரண்டு துவாரங்கள், பெண்ணுக்கு மூன்று. சிறிது நீல மை தடவினால் தெளிவாகத் தெரியும். பெண் மீன்களை அப்போதே கழித்துவிடலாம்.