தாள் இழுக்கும் மை

முதன்முதலாக மைப்பேனா வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த நோட்டில் எழுதப் போகிறீர்கள்? கேட்டவர் சற்றுக் குழம்பிப்போவார். பேனாவைப் பற்றிக் கேட்டால் நோட்டைப் பற்றி விசாரிக்கிறானே என்று தோன்றும். ஆனால் பேனாவுக்குள் நடப்பதில் பாதி வேலை நோட்டுடையது.

மைப்பேனாவில் மையைத் தள்ளும் பொறி எதுவும் கிடையாது. நல்ல பேனாவை மூடி கழற்றித் தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டாது. தாளைத் தொட்டால்தான் மை வரும். வேட்டி நுனி தண்ணீரில் பட்டதும் ஈரம் மேலே ஏறுகிறதே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விசைதான் இங்கும். சந்து குறுகக் குறுக இழுப்பு கூடும். நிப்பின் பிளவு நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே வருவதால் மை நுனியில் வந்து காத்து நிற்கிறது. தாளின் இழைகளுக்கு நடுவே அதைவிடவும் நுண்ணிய சந்துகள் உண்டு. நிப் தொட்ட கணத்தில் தாள் இழுத்துக்கொள்கிறது.

இந்த இழுப்பை மட்டுப்படுத்தத்தான் ஆலைகளில் தாளுக்குப் பசை சேர்க்கிறார்கள். பசை குறைவான மலிவு நோட்டில் மை இழையோடு ஓடி, எழுத்தின் ஓரத்தில் பூனைமுடிபோலச் சிலும்பும், பின்பக்கமும் தெரியும். ஐந்நூறு ரூபாய்ப் பேனாவோ ஐயாயிரம் ரூபாய்ப் பேனாவோ, இதில் வித்தியாசம் இல்லை. உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு துளி மை வைத்துப் பாருங்கள். துளி மணிபோல உட்கார்ந்து மெல்லக் காய்ந்தால் எந்த நிப்பும் சரி. வைத்தவுடன் முள்முள்ளாகப் பரவினால் மெல்லிய நிப்தான் வேண்டும். அதுதான் குறைவாக மை விடும்.

மெல்லியது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மெல்லியது என்பதற்கு அடையாளமாக நிப்பில் எஃப் என்று பொறித்திருந்தாலும் ஜெர்மானிய எஃப் வேறு, ஜப்பானிய எஃப் வேறு. கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகளை அடைத்து எழுதும் காஞ்சி எழுத்துக்குப் பழகிய ஜப்பானியர்களின் நிப் பொதுவாக ஒரு படி மெலிந்திருக்கும். பைலட், பிளாட்டினம் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் எஃப், தமிழ் எழுதுகிறவர்களுக்கு வாகாக அமைவதாக என் அனுபவம். பொடி எழுத்துக்காரர் பட்டை நிப்பில் 'ணை' எழுதிப் பார்த்தால் காரணம் புரியும்: சுழிகள் எல்லாம் மையால் அடைபட்டு எழுத்து வெறும் பொட்டாகிவிடும்.

இனி, பேனா மை கக்கும் விவகாரம். எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணக்குத்தாளின் நடுவே என் பேனா ஒரு பெரிய சொட்டைப் போட்டது. சாக்பீஸால் ஒற்றி எடுத்தேன். விடையும் சேர்ந்து போயிற்று. பேனாவைத் திட்டினேன். அது செய்ததோ வெறும் இயற்பியல். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும், காற்றுக்கு இன்னொரு ஓட்டை வேண்டும். பேனாவிலும் வெளியேறும் மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போகவேண்டும். நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டைதான் இரண்டுக்கும் வழி. அதில் மெல்லிய பிளவுகள் கீறி மையையும் காற்றையும் ஒழுங்குபடுத்திய வடிவத்துக்கு நியூயார்க்கின் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றார்.

ஃபில்லரால் நேராகக் கூட்டுக்குள் மை ஊற்றும் பேனாவில், மை குறையக் குறையக் காற்று நிறைகிறது. அந்தக் காற்று 2 மில்லி என்று வையுங்கள். கைச்சூட்டில் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 3 சதவீதம் விரியும், அதாவது 0.06 மில்லி. ஒரு சொட்டு மை சுமார் 0.05 மில்லிதான். என் கணக்குத்தாளில் விழுந்தது அந்தச் சொட்டு! கட்டையில் சீப்புப் பல்போல வெட்டியிருப்பது இப்படித் தள்ளப்படும் மையைப் பிடித்துவைக்கத்தான். எல்லாவற்றையும் பிடிக்க அதற்கும் இடமில்லை.

அதனால் முதல் பேனா, மையை உறிஞ்சிக்கொள்ளும் சிறு குழாயான கன்வெர்ட்டரோ, மை அடைத்தே வரும் கார்ட்ரிட்ஜோ போடுவதாக இருக்கட்டும். பெரும்பாலான கன்வெர்ட்டர்களுக்குள் மொத்தமே 1 மில்லிக்கும் குறைவு. விரியும் காற்றும் கொஞ்சம்தான். திருவள்ளூரில் எபோனைட் தண்டைக் கடைசல் பிடித்து ரங்கா பேனா செய்கிறார்களே, அதன்மேல் ஆசை வந்தால் தப்பில்லை. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான எபோனைட், கையில் பிடிக்க இதமான பொருள். ஃபில்லர் ஊற்றும் ரகமென்றால் மட்டும் இரண்டாவது பேனாவாக வாங்குங்கள், பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிடுங்கள்.

தங்க நிப்புக்கு ஏங்க வேண்டாம். இரும்பு உப்பு கலந்த பழைய அமில மைகள் எஃகை அரித்ததால் வந்தது தங்கம். இன்றைய துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தப் பயமில்லை. தவிர, தாளைத் தொடுவது இரண்டிலும் தங்கமோ எஃகோ அல்ல, நுனியில் பற்றவைத்த கடின உலோகக் கலவையின் ஒரு பொட்டு. கடைக்காரர்கள் அதை இன்னமும் இரிடியம் என்பார்கள். இப்போது பெரும்பாலும் டங்ஸ்டன், ருத்தேனியம், ஆஸ்மியம் வகையறா.

பால்பாயின்ட் பழகிய கைக்கு முதல் வாரம் சிரமம்தான். கெட்டி மையில் குண்டை உருட்ட அழுத்தியே பழகிய விரல்கள், இங்கும் அழுத்தி நிப்பின் இரு கால்களையும் விரித்துவிடும். 1980இல் வந்த லாமி சஃபாரி பேனாவின் முக்கோணக் கழுத்து விரல்களைச் சரியான இடத்தில் உட்காரவைக்கிறது. பேனாவைத் தன் போக்கில் பிடித்தே வளர்ந்தவர்களுக்கு அதுவே உறுத்தும், எனக்கு உறுத்துகிறது.

மைக்கு ஒரே எச்சரிக்கை: ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை ஊற்றாதீர்கள். அதில் கரிப்பொடியும் அரக்கும் இருக்கும். காய்ந்தால் கட்டையின் பிளவுகள் அடைத்துக்கொள்ளும். சாதாரண சாய மையென்றால் அடைத்தாலும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிடலாம்.

கடையில் நிப்பை மையில் தொட்டு, எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். அவர்கள் நீட்டும் அட்டை வழவழவென்று இருக்கும். அதில் எந்தப் பேனாவும் அழகாகத்தான் எழுதும். பையிலிருந்து உங்கள் நோட்டை எடுங்கள். கையெழுத்துப் போட்டுப் பார்க்காமல், வழக்கமான அளவில் 'ணை', 'ஞா', 'ழு' என்று எழுதி, பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.