இரண்டு ஆட்சியர் அலுவலகங்கள்

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனுக் கொடுக்கப் போன ஊர்வலத்தைத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே போலீஸ் தடுத்தது. தடியடிக்குத் தப்பித் தாமிரபரணிக்குள் இறங்கியவர்களையும் விடவில்லை. கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள்.

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி, போராட்டத்தின் நூறாவது நாளில், தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் நடந்தார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின.

இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். கேட்டதும் கிடைத்ததும் அதிகம் மாறவில்லை. ஆனால் போராட்டத்தைப் படம் எடுப்பவருடைய வேலை அடியோடு மாறிவிட்டது.

நெல்லையில் அன்று கேமரா வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒரு பிலிம் ரோலில் 36 படம். கல்லும் தடியும் பறக்கும்போது ரோல் தீர்ந்தால், ஓரமாக ஒதுங்கி, கேமராவைத் திறந்து மாற்றித்தான் ஆகவேண்டும். அதனால் ஒவ்வொரு படத்தையும் எண்ணித்தான் எடுத்தார்கள். அந்தச் சிலர் எடுக்காமல் போயிருந்தால், ஆற்றங்கரையில் நடந்ததற்கு அரசு சொன்னதே கடைசிச் சொல்லாக நின்றிருக்கும்.

தூத்துக்குடியில் அந்த நிலை இல்லை. வேனின் மேல் ஏறி நின்று குறிபார்த்த போலீஸ்காரரின் காட்சி அன்றைக்கே நாடு முழுக்கப் பரவியது. மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள். கூட்டத்தின் கையிலேயே கேமரா வந்துவிட்டது. இதைவிட நல்ல மாற்றம் எதுவும் இல்லை என்பேன்.

அப்படியானால் ஆவணப் புகைப்படக்காரருக்கு என்ன வேலை? சுடப்பட்ட நூறாவது நாளை எல்லோரும் எடுத்தார்கள். அதற்கு முந்தைய 99 நாட்களை எடுத்தவர்கள் எத்தனை பேர்? இடிந்தகரையில் 2011இல் தொடங்கிய கூடங்குளம் அணுஉலை எதிர்ப்பில், லூர்து மாதா கோயில் முன்பந்தலில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கூலியையும் விட முடியாது, போராட்டத்தையும் விட முடியாது. அமிர்தராஜ் ஸ்டீபன் போன்றவர்கள் அங்கேயே தங்கி எடுத்த படங்களில்தான் அந்த வாழ்க்கை தெரிகிறது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்தில் 2022 முதல் மாலைதோறும் கூடினார்களே, அந்தச் சாதாரண மாலைகளும் படமாக வேண்டியவை.

இன்னொரு மாற்றம் எனக்கு வலிக்கிறது. முன்பெல்லாம் “என்னையும் எடுங்க அண்ணாச்சி” என்று முன்னால் வருவார்கள். இப்போது “மூஞ்சி விழாம எடுங்க” என்கிறார்கள். அந்தப் பயம் வீண் பயமல்ல. தமிழகக் காவல்துறையிடம் முகம் கண்டறியும் மென்பொருள் இருக்கிறது. டெல்லிக் கலவரத்தில் அத்தகைய மென்பொருளால் 1,100 பேருக்கு மேல் அடையாளம் கண்டதாக 2020இல் நாடாளுமன்றத்திலேயே உள்துறை அமைச்சர் சொன்னார். நாம் நல்லெண்ணத்தில் எடுத்த முகம் யாரோ ஒருவரின் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ உலை வைக்கலாம். ஆகவே முதுகை, கையை, பதாகையை எடுக்கப் பழகியிருக்கிறோம். கோபத்தில் சிவந்த ஒரு கிழவியின் முகத்துக்கு ஈடாக எந்த முதுகும் நிற்காது. இருந்தாலும் அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சாட்சியத்திலும் ஓர் இழப்பு உண்டு. நெகட்டிவின் ஓரத்தில் எண்கள் அச்சாகியிருக்கும். எது முதலில் நடந்தது, எது பிறகு என்று அதைக் கொண்டே சொல்லிவிடலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படமோ தேதியையும் இடத்தையும் உதிர்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்கிறது. விசாரணை ஆணையம் உட்காரும்போது, யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. போராட்டத்தில் போனை உயர்த்தும் தம்பி, தங்கைகளிடம் நான் கேட்பது இதுதான்: பகிருங்கள், ஆனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். அதன் நகல் ஒன்றை நம்பிக்கையான வழக்கறிஞர் ஒருவரிடம் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.