வீட்டுக் கணனியின் திறந்த வாயில்களும் அச்சிடும் சேவையும்

கணனி இன்று அலுவலகங்களுக்கு மாத்திரம் உரிய சாதனமன்று. பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், வங்கிக் கணக்கு விபரங்கள், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றின் பிரதிகள் என ஒரு குடும்பத்தின் முக்கிய ஆவணங்கள் பலவும் அதனுள்ளேயே வைக்கப்படுகின்றன. போரினாலும் இடப்பெயர்வினாலும் 2004 ஆம் ஆண்டின் சுனாமியினாலும் மூல ஆவணங்களை இழந்து, மறுபிரதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு இப்பிரதிகளின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், வீட்டு வாசலைப் பூட்டிவிட்டு உறங்கச் செல்லும் நாம், கணனியின் வாயில்களைப் பற்றி எண்ணிப் பார்ப்பது அரிது.

வலையமைப்பில் இணைந்துள்ள ஒவ்வொரு கணனிக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரிக்கு வந்து சேரும் தரவு எந்த மென்பொருளுக்கு உரியது என்பதைக் காட்டும் இலக்கமே 'போர்ட்' எனப்படும் வாயிலாகும். 0 முதல் 65,535 வரை இவ்விலக்கங்கள் அமைந்துள்ளன. இவை கணனியின் பின்புறத்தில் கம்பி செருகும் துவாரங்கள் அல்ல, வெறும் இலக்கங்களே. ஒரு மென்பொருள் ஓர் இலக்கத்தில் செவிமடுத்துக் காத்திருக்குமாயின் அவ்வாயில் திறந்துள்ளது என்கிறோம். காத்திருக்க எவரும் இல்லாத இலக்கம் மூடிய வாயிலாகும்.

வாயில் திறந்திருப்பது தன்னளவில் ஆபத்தன்று. மூன்று கேள்விகளுக்கான விடையே ஆபத்தைத் தீர்மானிக்கின்றது. அங்கு செவிமடுக்கும் மென்பொருள் எது? அவ்வாயிலை எங்கிருந்து அணுக முடியும்? அம்மென்பொருளின் குறைபாடுகள் சீர்செய்யப்பட்டுள்ளனவா? விண்டோஸ் கணனியில் 'நெட்ஸ்டாட்' என்னும் கட்டளை, திறந்துள்ள வாயில்களைப் பட்டியலிட்டுக் காட்டும். அப்பட்டியலில் 127.0.0.1 என்ற முகவரியுடன் காணப்படும் வாயிலை அதே கணனியிலுள்ள மென்பொருள்கள் மாத்திரமே அணுகலாம். அது வீட்டினுள்ளே அறைக்கும் அறைக்கும் இடையிலான கதவைப் போன்றது. 0.0.0.0 என்றிருப்பின், தீச்சுவர் தடுக்காதவிடத்து வலையமைப்பிலுள்ள பிற கணனிகளும் அதனை அணுகலாம். அது தெருவைப் பார்த்த கதவாகும்.

இப்பட்டியலில் பலரும் எதிர்பாராத ஒன்று அச்சிடும் சேவையாகும். கணனியின் வேகத்துக்கு அச்சுப்பொறி ஈடுகொடுக்க மாட்டாது. எனவே அச்சிட வேண்டியவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக அனுப்பிவைக்கும் சேவையொன்று பின்னணியில் இயங்குகின்றது. விண்டோஸில் இது 'பிரின்ட் ஸ்பூலர்' எனவும், லினக்ஸிலும் அப்பிள் கணனிகளிலும் 'கப்ஸ்' எனவும் அழைக்கப்படுகின்றது. இணைய அச்சிடல் முறைக்கு 631 ஆம் வாயில் ஒதுக்கப்பட்டுள்ளது. வலையமைப்பு அச்சுப்பொறிகள் பல 9100 ஆம் வாயிலில் வருவதை, அனுப்பியவர் யாரென வினவாமலேயே அச்சிட்டுவிடும்.

இதன் விளைவை 2018 நவம்பரில் உலகம் கண்டது. ஒரு யூடியூப் அலைவரிசைக்கு ஆதரவு திரட்டும் பிரசுரமொன்று பல நாடுகளின் அச்சுப்பொறிகளில் தானாகவே அச்சாகி வெளிவந்தது. சுமார் 50,000 அச்சுப்பொறிகளுக்கு அதனை அனுப்பியதாக அதன் சூத்திரதாரி உரிமை கோரினார். அது விளையாட்டு எனலாம். ஆனால் 2021 இல் வெளிப்பட்ட 'பிரின்ட் நைட்மெயார்' விளையாட்டன்று. சாதாரணப் பாவனையாளர் ஒருவரின் அனுமதியைப் பெற்ற ஒருவர், ஸ்பூலரின் குறைபாட்டினூடாக முழுக் கணனியையுமே தன்வசப்படுத்த அது இடமளித்தது. ஆதரவுக் காலம் முடிந்திருந்த விண்டோஸ் 7 இற்கும் மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தமை அதன் பாரதூரத்தைக் காட்டும்.

லினக்ஸும் விதிவிலக்கன்று. அயலிலுள்ள அச்சுப்பொறிகளைத் தேடித்தரும் 'கப்ஸ் பிரவுஸ்ட்' என்னும் துணைச்சேவை, 631 ஆம் வாயிலில் எத்திசையிலிருந்து வரும் செய்தியையும் நம்பியமை 2024 செப்டெம்பரில் அம்பலமானது. போலி அச்சுப்பொறியொன்றை எவரும் கணனியின் பட்டியலில் சேர்க்கலாம். அதற்கு அச்சிட அனுப்பியதும் தீய கட்டளை இயங்கிவிடும். திருத்தங்கள் பின்னர் வெளியாகின.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? வீட்டு ரவுட்டர் பொதுவாக இணையத்திலிருந்து அழையாது வரும் இணைப்புகளை உள்ளே விடாது. எனவே காரணமின்றி ரவுட்டரில் வாயில்களைத் திறந்துவிடுதல் ஆகாது. ஆனால் ஒரே வைஃபையைப் பகிரும் விடுதியிலோ, உணவகத்திலோ அக்காவல் இல்லை. அங்கு விண்டோஸ் கேட்கும்போது 'பொது வலையமைப்பு' என்பதையே தெரிவு செய்தல் வேண்டும். தீச்சுவரை ஒருபோதும் நிறுத்தலாகாது. அச்சுப்பொறியே இல்லாதவர் ஸ்பூலரை நிறுத்திவிடலாம். எனினும் கோப்பைப் பீடிஎஃப் ஆக அச்சிடும் வசதியும் அதனுடன் நின்றுவிடும் என்பதை நினைவிற் கொள்க. லினக்ஸ் பாவனையாளர் தமது அச்சுப்பொறியைத் தாமே சேர்த்துக்கொண்டால் தேடும் சேவை தேவைப்படாது. அனைத்திலும் முதன்மையானது, இற்றைப்படுத்தல்களைத் தவறாது நிறுவுதலாகும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்துள்ள நிலையில், அதனைத் தொடர்ந்து பாவிப்போர் இது குறித்துக் கூடுதல் கவனம் செலுத்துதல் அவசியம்.

பிறர் கணனியினுள் அனுமதியின்றி நுழைவது இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். ஆனால் சட்டம் திருடனைத் தண்டிக்குமே தவிர, திருட்டுப்போன ஆவணத்தின் அந்தரங்கத்தை மீட்டுத்தர மாட்டாது. எந்த வாயிலில் யார் காத்திருக்கின்றார் என்பதை வீட்டுக்குரியவரே அறிந்திருத்தல் வேண்டும்.