நிற்கும் காரில் சீறல்

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஹைதராபாத் வெயில். நாச்சாரம் தொழிற்பேட்டைப் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து நிழலில் நிறுத்திய கார், இன்ஜினை அணைத்த பிறகும் 'உஸ்ஸ்' என்று சீறுகிறது. பாம்போ என்று பதற வேண்டாம். (மழைக்காலத்தில் அதையும் பார்த்துவிடுவது நல்லது.)

சத்தம் எங்கிருந்து, எவ்வளவு நேரம் என்பதில்தான் துப்பு. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிரு நிமிடம் கேட்டு அடங்கினால், ஏசி வாயுவின் அழுத்தம் சமமாகிறது, செலவில்லை. சக்கரத்தருகே என்றால் வால்வில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும், குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

வில்லங்கம் பானெட்டுக்குள்தான். பெரும்பாலான கார்களில் இன்ஜின் நின்றதும் தண்ணீர் பம்ப்பும் நின்றுவிடுகிறது. உலோகத்தின் சூடெல்லாம் ஓடாமல் நிற்கும் தண்ணீரில் ஏறுகிறது. ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால், தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் நைந்திருந்தாலோ ஹோஸில் வெடிப்பு இருந்தாலோ ஆவி சீறும். அவசரப்பட்டு மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று விடுபட்டு, கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். மூடியைத் தொட்டால் சுடக்கூடாது. பிறகு தண்ணீர் காய்ந்த தடத்தைத் தேடினால் கசிவு தெரியும். மூடியோ கிளாம்ப்போ மாற்றினாலே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

சிஎன்ஜி, எல்பிஜி கார் என்றால் கதை வேறு. வாடையும் சேர்ந்தால் சாவியைத் தொடக்கூடாது. எல்லோரையும் இறக்கி, கைக்கு எட்டினால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, தள்ளி நின்றுதான் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.