நாணய அச்சா, நகலா? உருவம் மட்டும் போதாது

பழம்பொருள் சந்தையில் அவ்வப்போது தலைகாட்டுவது, ஒரு முனையில் காசின் உருவம் குழிந்திருக்கும் இரும்புக் கட்டை. பழைய நாணயச்சாலையின் அச்சு என்று சொல்லி விற்பார்கள். எழுத்துகள் இடவலம் மாறியிருந்தால் அசல்தான் என்று வாங்குபவரும் முடிவுகட்டிவிடுகிறார். அச்சில் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு காசைக் களிமண்ணில் அழுத்தினாலும் அதே குழிவு கிடைத்துவிடும். நவீன நாணயச்சாலைகளில் அச்சுகளை உருவாக்கும் புடைப்பச்சிலோ உருவம் காசில் உள்ளபடியே நேராக இருக்கும். இந்தச் சோதனை அதைப் போலி என்று தள்ளிவிடும். உருவத்தோடு, அதற்குப் பொருந்தும் காசும் அது கிடைத்த இடமும் சேர்ந்து பேசினால்தான் தீர்ப்புக்கு வர முடியும்.

இதற்குச் சிறந்த சான்று ஹரியாணாவின் ரோத்தக்கில் இருக்கிறது. தொல்தாவரவியல் அறிஞர் பீர்பல் சாஹ்னி 1936இல் அங்குள்ள கோக்ராகோட் மேட்டில் காசு உருவம் பதிந்த சுடுமண் துண்டுகளைக் கண்டார். ஒரே ஒரு துண்டு என்றால் அதைக் கொண்டு எதையும் நிறுவியிருக்க முடியாது. அங்கே கிடைத்தவை ஆயிரக்கணக்கில். உடைசல்களைப் பொருத்திப் பார்த்து வார்ப்பு முறையையே அவர் மீட்டெடுத்தார். மண் வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெளியே மண் பூசி, உருக்கிய உலோகத்தை மேலிருந்து ஊற்றுவார்கள். அது நடுத்துளை வழியே இறங்கி, சிறு வாய்க்கால்களில் பிரிந்து குழிகளை நிரப்பும். காசை எடுக்க அடுக்கை உடைத்தாக வேண்டும். எனவே உடைந்து கிடப்பதும் வேலை நடந்ததற்கு அடையாளமே. அவற்றில் இருந்த பிராமி எழுத்தும் உருவமும், அந்தப் பகுதியை ஆண்ட யௌதேயரின் காசுகளாக ஏற்கெனவே அறியப்பட்டவற்றோடு ஒத்துப்போயின. 1945இல் இந்த ஆய்வு நூலாக வந்தது.

கள்ளக்காசு செய்தவர்களும் மண் அச்சைத்தானே பயன்படுத்தினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரோமப் பேரரசின் நாணயச்சாலைகள் காசை அடித்து வெளியிட்டன, வார்க்கவில்லை. ஆகவே பிரிட்டனில் கிடைத்த ரோமக் காசு மண் அச்சுகள் பெரும்பாலும் கள்ளக்காசு வேலையின் எச்சங்களாகவே கருதப்படுகின்றன. ஒரு காசு எப்படிச் செய்யப்பட்டது என்பதை முதலில் அறியாமல் அதன் கருவியை மதிப்பிட முடியாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. நகலெடுத்த அச்சு வேறு வகையிலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மூலக் காசின் தேய்மானம் அப்படியே அதில் இறங்கியிருக்கும். காசில் இருந்த கீறல் அச்சில் மெல்லிய வரப்பாக எழுந்து நிற்கும். மண் காய்ந்து சுருங்குவதால் அளவும் குறையும். உண்மையான அச்சில் விரிசல் விழுந்தால், அதன் பிறகு அடித்த காசுகளில் அதே இடத்தில் புடைத்த கோடு வரும். அப்படி ஒரு காசு கிடைத்துவிட்டால் வேறு வாதமே வேண்டியதில்லை.

துருவைக் காட்டிப் பழமையை நிறுவ முயல்வது வீண். அமிலத்தில் ஊறவைத்தால் இரும்பு சில நாட்களிலேயே துருப்பிடித்துவிடும். அமெரிக்காவின் கார்சன் நகரில் பழைய நாணயச்சாலை வளாகத்து மண்ணில் நூற்றுக்கணக்கான அச்சுகள் 1999இல் கிடைத்தன. அவையும் துருவேறியவைதான். அவற்றை உறுதிசெய்தவை கிடைத்த இடமும், மீண்டும் பயன்படுத்த முடியாதபடி முகத்தில் வெட்டப்பட்டிருந்த பெருக்கல் குறியும். நாணயச்சாலைகள் தேய்ந்த அச்சைச் சிதைத்துவிடுவதே வழக்கம் என்பதால், சிறு பழுதும் இல்லாமல் சந்தைக்கு வரும் அச்சை இரட்டிப்புச் சந்தேகத்தோடு பார்ப்பதே சரி.

உங்கள் நிலத்தில் இப்படி ஒன்று கிடைத்தால் தேய்க்கவோ கழுவவோ வேண்டாம். குழியில் ஒட்டியிருக்கும் உலோகத் துணுக்கே சான்று. கிடைத்த இடத்தைக் குறித்து, படம் எடுத்து, மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள்.