தண்ணீரை விடும், காற்றை விடாது!

பென்சில் கரியில் பிறந்த அதிசயத் தாள்

ஹீலியம் வாயு அடைத்த பலூன் இரவில் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். காலையில் பார்த்தால் சுருங்கித் தரையில் கிடக்கும். முடிச்சும் அவிழவில்லை, ஓட்டையும் இல்லை. அப்படியானால் வாயு எங்கே போயிற்று? ரப்பர் வழியாகவே கசிந்து போய்விட்டது! ஹீலியம் அணு அவ்வளவு சிறியது.

இந்த வாயுவையே தடுத்து நிறுத்தும் ஒரு தாளை 2012-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் செய்து காட்டினார்கள். ஆனால் அதே தாள், நீராவியை மட்டும் தாராளமாக வெளியே விட்டது!

ஒட்டும் டேப்பின் வேலை

பென்சில் குச்சியில் இருக்கும் கரிக்குக் கிராபைட் என்று பெயர். தாள் மேல் தாளாக அடுக்கியது போன்றது அது. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 30 லட்சம் தாள்கள் இருக்கும். அதில் ஒற்றைத் தாளுக்குப் பெயர் கிராபீன். அதன் கனம் ஒரே ஓர் அணு!

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகிய இருவரும் 2004-இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். எப்படித் தெரியுமா? ஒட்டும் டேப்பைக் கிராபைட்டில் ஒட்டி ஒட்டி உரித்தே பிரித்தார்கள். 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நழுவும் தண்ணீர்

கிராபீனில் பிராணவாயு சேர்ந்தால் கிராபீன் ஆக்சைடு. அதன் செதில்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிய வைத்தால், தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய தாள் கிடைக்கும்.

செதில்களின் இடுக்கில் தண்ணீர் புகுந்து விரைவாக நழுவி ஓடுகிறது. வழி முழுவதும் தண்ணீரே நிற்பதால் வேறு வாயுவுக்கு இடமில்லை. தண்ணீர் வற்றினாலோ இடுக்கு சுருங்கிக்கொள்கிறது!

இந்த ஆராய்ச்சியில் முன்னின்றவர் கேரளத்தைச் சேர்ந்த ராகுல் நாயர். வேடிக்கைக்காக ஒரு மது பாட்டிலையும் இந்தத் தாளால் மூடி வைத்தார்கள். தண்ணீர் மட்டும் ஆவியாகி வெளியேறியது. உள்ளே இருந்த மதுவின் காரம் நாளுக்கு நாள் ஏறியது!

தாளை இன்னும் மெல்லியதாக்கினால் வாயுக்களையும் பிரிக்கலாம். 2013-இல் அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தார் அப்படிச் செய்தார்கள். செதில்களில் உள்ள நுண்ணிய பழுதுகள் வழியே ஹைட்ரஜன் நுழைந்தது. பெரிய வாயுக்கள் பின்தங்கின.

உப்பு நுழைந்தது

வாயு ஒருபுறம் இருக்கட்டும். கடல் நீரைக் குடிநீராக்க முடியுமா? அதுதான் பெரிய கேள்வி.

இங்கே ஒரு சங்கடம் வந்தது. தண்ணீரில் கிடந்தால் இந்தத் தாள் ஊறி உப்பிவிடும். இடுக்கு அகலும். அந்த வழியே சமையல் உப்பு நுழைந்துவிடும்!

2017-இல் மான்செஸ்டர் விஞ்ஞானிகள் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். தாளின் இருபுறமும் இப்பாக்சி என்ற கெட்டிப் பிசினைச் சுவர்போல் அமைத்து, உப்பாமல் இறுக்கினார்கள். இது ஒன்று. ஆக்சைடோடு சுத்தமான கிராபீன் செதில்களைக் கலந்து தாள் செய்தார்கள். இது மற்றொன்று. இந்தக் கலப்புத் தாள் அதிகம் ஊறவில்லை. உப்பில் 97 சதவீதத்தைத் தடுத்தது.

உப்புக்கு ஏன் வழி இல்லை? தண்ணீரில் கரைந்த உப்பு, தன்னைச் சுற்றித் தண்ணீரையே போர்வையாகப் போர்த்திக்கொள்ளும். போர்வையோடு குறுகிய சந்தில் நுழைய முடியுமா?

இன்னும் பாக்கி என்ன?

97 சதவீதம் போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 97 சதவீதம் போனாலும் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாக மிஞ்சும். நல்ல குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு அரை கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே தாள் இன்னும் தேற வேண்டும்.

இன்றைய ஆலைகளில் பிளாஸ்டிக் சவ்வு வழியே கடல் நீரை மிகுந்த அழுத்தத்துடன் தள்ளுகிறார்கள். மின்சாரச் செலவு அதிகம். தண்ணீரை எளிதில் விடும் தாள் கிடைத்தால் அந்தச் செலவு குறையலாம். ஆனால் அது கிழியக்கூடாது, அடைத்துக்கொள்ளக்கூடாது, பல ஆண்டு உழைக்க வேண்டும், விலையும் மலிவாக இருக்க வேண்டும்.

அத்தனையும் கைகூடினால், கடலோரத்தில் இருந்தும் குடிநீருக்குத் தவிக்கும் ஊர்களில் குடம் நிறையும்.